மோகனத்தில் ஒரு நிஷாதம்

மாட்டு டாக்டர் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை ஆஸ்பத்திரிப் படியில் ஊன்றிக்கொண்டு பாடுவது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. கேரியரில் மருந்துப் பெட்டி, கையில் பினாயில் வாடை. "எழுதிக்க அப்பு, இறங்குனா மறந்துரும்" என்பார். ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல் கால்நடை ஆஸ்பத்திரியில் நான் குமாஸ்தா. சின்ன வயதில் எட்டு வருஷம் பிடில் படித்து, அது சோறு போடாது என்று தெரிந்ததும் சர்க்கார் வேலைக்கு வந்தவன். ஊசி போட்ட மாடுகளின் பதிவேட்டை எழுதிய அதே கையால் டாக்டரின் கீர்த்தனைகளுக்கும் சுரம் எழுதினேன். அவருக்குப் பாட வரும், சுரப்படுத்தி எழுத வராது.

அவர் யாரிடமும் முறையாகக் கற்றவர் இல்லை. கச்சேரி கேட்டுக் கேட்டே ராகங்களைப் பிடித்துக்கொண்டவர். ஆத்தூருக்கும் கன்னிவாடிக்கும் சைக்கிள் மிதிக்கிற நேரம்தான் அவர் பாட்டுக் கட்டுகிற நேரம். எதிர்க்காற்று அடித்தால் பாட்டு மெதுவாக, விளம்ப காலத்தில் அமையும் என்று நான் கேலி செய்வேன். அவர் அதை ஒப்புக்கொள்ளவும் செய்வார். சின்னாளபட்டிப் பக்கம் ஒரு அம்மாள், "டாக்டரய்யா ஊசி போட வாராரா, பாட்டுப் படிக்க வாராரான்னு மாட்டுக்கே தெரியலே" என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரிப்பார். எனக்குத் தெரிந்த வித்வான்கள் யாருக்கும் அந்த மனசு கிடையாது.

ஒரு நாள் காலையில் கன்னிவாடியிலிருந்து திரும்பியவர் வழக்கத்துக்கு மாறாக சைக்கிளை விட்டு இறங்கி, என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பாடினார். மோகன ராகம். எல்லாரும் பிள்ளை தாயைத் தேடுவதாகத்தானே பாடுவார்கள்? இவர் பாட்டில் அம்பாள் தன் பிள்ளையைத் தேடிக்கொண்டு வருகிறாள். கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் சரணத்தில், அவள் கூப்பிடுகிற இடத்தில், ஒரு நிஷாதம் விழுந்தது. மோகனம் ஐந்தே சுரங்கள் உள்ள ராகம். அதில் நிஷாதத்துக்கு இடமே இல்லை.

"மோகனத்துல நிஷாதம் வராதே சார்" என்றேன்.

"வராதுதான். கன்னிவாடியில வந்துச்சே" என்றார். அங்கே ஒரு பசு ஈன்ற கன்று அவர் கையிலேயே செத்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு போன திசையைப் பார்த்துப் பசு விடாமல் கத்தியிருக்கிறது. "அந்தக் கத்தலு பஞ்சமத்துக்கு இறங்குறதுக்கு முன்னாடி அங்கதான்ப்பா சித்த நேரம் நின்னுச்சு. நான் கேட்டதை நீ எழுது." எழுதிக்கொண்டேன்.

அந்த வருஷம் கோயில் திருவிழாவுக்கு மதுரையிலிருந்து ஒரு பெரிய வித்வான் பாட வருவதாக ஏற்பாடு. டாக்டரின் அந்த மோகனப் பாட்டைப் பாட அவர் சம்மதித்தார். பெரிய ஞானஸ்தர், வாயும் அப்படித்தான். மேடையிலேயே ஒரு புலவரின் பாட்டைப் பிய்த்து உதறிச் சபையைச் சிரிக்க வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அவருக்கு அனுப்புவதற்காகப் பாட்டை நல்ல காகிதத்தில் பிரதி எடுத்தபோது அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது. மாட்டு டாக்டருக்கு மோகனம்கூடத் தெரியவில்லை என்று சொல்லிவிடுவார்களே என்று பயந்தேன். நிஷாதத்தை எடுத்துவிட்டு, மோகனத்துக்கு உரிய தைவதத்தைப் போட்டேன். அவரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். என் பிடில் படிப்பைப் பற்றிய கர்வமும் அதில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

கச்சேரியில் அந்தப் பாட்டு அமோகம். பந்தலே கைதட்டியது. டாக்டர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சரணத்தில் அந்த இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. பிறகு மெதுவாகத் தாளத்தைத் தொடர்ந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "நல்லாப் பாடினாரு. அந்த மாடுதான் வரலே" என்றார். நான் அங்கேயே நடுரோட்டில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சிரிச்சிட்டுப் போறாங்க. அதுக்கா பயந்தே?" என்று மட்டும் கேட்டார். வித்வானுக்கு உடனே திருத்தி எழுதுகிறேன் என்றேன். "மெனக்கெட்டுப் பாடம் பண்ணியிருக்காரு, விடு" என்று தடுத்துவிட்டார். மறு திங்கட்கிழமை அடுத்த பாட்டோடு என்னிடமே வந்தார். ஒரு எழுத்தையும் சரிபார்க்கவில்லை. அவரை நான் பெரியவர் என்று சொல்வது அந்தத் திங்கட்கிழமைக்காகத்தான். அதற்குப் பிறகு அவர் பாடிய எதையும் நான் மாற்றியதில்லை.

ஆனால் அந்த ஒரு பாட்டு என் கையை விட்டுப் போய்விட்டது. வித்வான் சிஷ்யர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் ஊர் ஊராகப் பாடினார்கள். டாக்டர் காலமாகி இத்தனை வருஷம் கழித்து, அவர் பாட்டுகளிலேயே ஊருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதுவும் என் தைவதத்தோடு. போன மாதம் இங்கே ஒரு சபாவில், டாக்டரின் பாட்டுகளைக் காப்பாற்றிக் கொடுத்தவர் என்று சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். துணி தோளில் விழுந்ததும் உடம்பு கூசியது. மைக்கைப் பிடித்து, "சரணத்துல ஒரு இடம் தப்பாப் பாடுறீங்க. தப்பு என்னுது" என்றேன். அதற்கு மேல் விளக்க வரவில்லை, பாடிக் காட்டினேன். எண்பது வயதுத் தொண்டையில் அந்த நிஷாதம் நடுங்கிக்கொண்டு நின்று, பஞ்சமத்துக்கு இறங்கியது. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் யாரோ, "பெருசுக்கு மோகனமே மறந்துபோச்சுப்பா" என்றார். சபை சிரித்தது. டாக்டர்மேல் விழுந்துவிடுமோ என்று அன்றைக்கு நான் பயந்த அதே சிரிப்பு. அது அடங்கும்வரை காத்திருந்து, அந்த வரியை இன்னொரு முறை பாடினேன்.