யாருக்கு என்று கேட்காத கருவி

சங்கரன்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பதினான்கு வருடமாக முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் பதிவதும் ரிப்போர்ட் கொடுப்பதும் என் வேலை. ஆடிக் கடைசியில் முதலாளி, வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்ட் ஒன்றை வாங்கினார். அதைச் செய்துகொடுத்த கம்பெனிப் பெண் போனில் எனக்கு விளக்கினார். ஏஜென்டிடம் சில டூல்கள் உண்டு. ஒன்று நேரம் ஒதுக்கும், ஒன்று ரிப்போர்ட்டை எடுத்து அனுப்பும். எந்த டூலை எப்போது எடுப்பது என்பதை, ஒவ்வொன்றுக்கும் நாம் எழுதிவைக்கும் விளக்கத்தைப் படித்துத்தான் அது முடிவு செய்யும். வேறு எதுவும் அதற்குத் தெரியாது. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் வேலையை ஒப்படைப்பதுபோல எழுதுங்கள் என்றார். அதையும் தேதி போட்டு டைரியில் குறித்துக்கொண்டேன்.

ஆறு நாள் உட்கார்ந்து எழுதினேன். ஊர் நூலகத்தில் பாதியைப் படித்தவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. தேதியில் நாள் முன்னால் வரும், மாதம் பின்னால் வரும், ‘நேத்து’ என்று கேட்டால் எந்த நாளைக் கணக்கில் எடுப்பது, ரத்தம் எடுத்த நாள் வேறு, ரிப்போர்ட் வந்த நாள் வேறு என்று தேதிக்கு மட்டும் அரைப்பக்கம். ரிப்போர்ட் டூலுக்கு நான் எழுதிய முக்கியமான வரி இது: ‘பதிவான போன் எண்ணையும் தேதியையும் கொடு. அந்தத் தேதியில் அந்த எண்ணுக்கு வந்த ரிப்போர்ட்டுகள் அனைத்தும் கிடைக்கும், அவற்றை அனுப்பு.’

இங்கே பெரும்பாலும் வீட்டுக்கு ஒரே எண்தான் கொடுப்பார்கள். மாமியார், மருமகள், சில சமயம் பக்கத்து வீட்டுக்காரர்கூட அதே எண்ணில் இருப்பார்கள். ‘யாருக்கு?’ என்று கேட்காமல் நான் ஒரு கவரையும் நீட்டியதில்லை. கேட்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கேட்பது. அதனால்தான் அதை எழுத வேண்டும் என்று தோன்றவில்லை.

ஆவணி இரண்டாம் திங்கட்கிழமை, விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றும் பெண் ஒருத்தி வந்தாள். கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. கருமுட்டை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹார்மோன் பரிசோதனையை வீட்டுக்குத் தெரியாமல் எடுத்தாள். தனக்கென்று போன் இல்லாததால் வீட்டு எண்ணையே கொடுத்தாள். ரிப்போர்ட்டை எதிலும் அனுப்ப வேண்டாம், வியாழக்கிழமை தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் அதைப் பேனாவால் எழுதினேன். அப்படி ஒரு கட்டம் இருப்பதே ஏஜென்டுக்குத் தெரியாது.

புதன்கிழமை காலையில் அவள் மாமியார் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துப் போனார். மதுரைப் பெரிய லேபுக்கு அனுப்பியிருந்த மருமகளின் ரிப்போர்ட்டும் மத்தியானம் வந்தது. மாலையில் மாமியார் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் கேட்டார். ஏஜென்ட் நான் எழுதியபடியே நடந்துகொண்டது. இரண்டையும் அனுப்பியது.

வியாழக்கிழமை நான் கவரோடு காத்திருந்தேன். வந்தபோது அவள் கையில் துணிமணி திணித்த பை இருந்தது.

“நேத்தே வீட்ல எல்லாரும் படிச்சிட்டாவ அண்ணாச்சி. நான்தான் இன்னும் படிக்கல. குடுங்க.”

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. டைரியிலும் எழுதவில்லை. அவள் நின்றபடியே படித்தாள், ஒரு எண்ணைக் காட்டி இது குறைவா என்று கேட்டாள். குறைவுதான். டாக்டரைப் பார்த்தால் வழி இருக்கும் என்றேன். “அவங்க இனிமே பாக்க விடமாட்டாவ” என்றாள். புளியங்குடியில் அம்மா வீட்டில் கொண்டுவிடப் புருஷன் வெளியே வண்டியில் இருந்தான். உள்ளே வரவில்லை.

முதலாளி அன்று சாயங்காலம் நான் எழுதிய விளக்கத்தைப் படித்தார். அதுவரை படித்திருக்கவில்லை.

“தேதிக்கு அரைப்பக்கம் எழுதியிருக்கீரு. ஆளுக்கு ஒரு வரி எழுதலியே வே.”

கம்பெனியிடம் முறையிடலாமா என்று யோசித்தார், விஷயம் வெளியே போகும் என்று விட்டுவிட்டார். அந்த மருமகளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்ல வேண்டும் என்றேன். வாயைத் திறந்தால் கேஸ் ஆகும் என்றார். நானும் திறக்கவில்லை.

விளக்கத்தைத் திருத்த நாலு நிமிடம் ஆனது. ஒரே எண்ணில் பலர் இருப்பார்கள். பெயர்களைக் காட்டி யாருக்கு என்று கேள். அவருடையதை மட்டும் அனுப்பு. நேரில் வாங்குவேன் என்று சொன்னவர்களுடையதை அனுப்பவே அனுப்பாதே. அந்தக் குறிப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றவும் வழி செய்தோம். இப்போது தெளிவாக இருக்கிறது என்று முதலாளி பாராட்டினார்.

புரட்டாசியில் அந்த மாமியார் மறுபடி வந்தார். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் கேட்டால், யாருக்கு என்று கேட்டு நாலு பெயரைக் காட்டுகிறதாம். போனை என் முன்னால் நீட்டினார்.

“அந்த நாலாவது பேர எடுத்துருங்க அண்ணாச்சி. அவ இப்ப அங்கன இல்ல.”

சம்பந்தப்பட்டவரே வந்து சொன்னால்தான் எடுக்க முடியும் என்று சொல்லியிருக்கலாம். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, மாமியாரிடம் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.