நிக்கேக்க நடுங்கின கார்

சிக்னலில் நின்றால் போதும், என் பழைய கார் குளிர்காய்ச்சல் வந்ததுபோல நடுங்கும். ஓடத் தொடங்கினால் ஒன்றும் இராது. எப்போதும் அதைத் திருத்தித் தரும் கொட்டாஞ்சேனை கராஜ்காரரிடம் (முஸ்லிம் அண்ணர், நானா என்றுதான் கூப்பிடுவேன்), "நிக்கேக்க நடுங்குது" என்றேன். அன்றைக்கென்று கார் நல்ல பிள்ளையாக இருந்தது. அவர் பிரேக்கைக் கழற்றிப் பார்த்துச் சரிசெய்து தந்தார்.

மறுநாளே வெள்ளவத்தை ரயில் கடவையில், முன்னால் நின்ற வான் வண்டிக்காகக் காத்திருந்தபோது எஞ்சின் நின்றுபோனது. ரோட்டில் போனவர்கள் ஓடிவந்து தள்ளிவிட்டார்கள். இனி அந்தக் கராஜ் வாசலையே மிதிப்பதில்லை என்று கறுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பின்னேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. வாசலில் கராஜ்கார நானா! நான் அவருக்கு ஒரு டெலிபோன் கோல்கூட எடுத்திருக்கவில்லை.

"மிஸ், வீட்டுக்குப் போற பஸ் சிக்னல் லைட்ல நிக்கக்குள்ள நடுங்கிச்சு. அப்பதான் விளங்கிச்சு. நீங்க நிக்கக்குள்ள என்டு சொன்னத நான் நிப்பாட்டக்குள்ள, பிரேக் புடிக்கக்குள்ள என்டு எடுத்துட்டேன். பிழை என்ட பக்கம்தான்."

பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, புகையில் கொஞ்சத்தைத் திரும்பவும் எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வை ஸ்பேனரால் மெல்லத் தட்டினார். நடுக்கம் அடங்கியது. கரி பிடித்ததால், கார் நிற்கும்போது மூட வேண்டிய அந்த வால்வு திறந்தபடியே இருந்திருக்கிறது.

"நாளைக்குக் கழட்டிக் கழுவுவம்" என்றவர், தேத்தண்ணிக்கும் நிற்காமல் மட்டக்குளி பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

தன் பிழையைச் சொல்வதற்கென்றே பஸ் மாறி வந்த ஒரு மனிதரை அதற்கு முன் நான் கண்டதில்லை. இப்போதெல்லாம் யாராவது எதையாவது சொன்னால், விளங்கியது என்று தலையாட்டுவதற்கு முன் எனக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்: நிக்கேக்கயா, நிப்பாட்டேக்கயா?