அம்மா சாய மறுத்த குஷன்கள்

நான் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அது நடந்தே தீரும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், என் அம்மா ஒருத்தியைத் தவிர.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன வருஷம் கூடத்தில் ஒரு சோபா வாங்கிப் போட்டேன். என் பிறந்த வீட்டுப் பக்கம் சோபா வாங்கிய முதல் ஆள் நான்தான். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டியும் களை எடுத்தும் என்னை டீச்சராக்கிய அம்மா, அப்போது எங்களோடுதான் இருந்தாள். இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளோ சோபாவுக்குப் பக்கத்திலேயே, சுவரோரமாகத் தரையில்தான் உட்காருவாள். எழுந்திருக்க யாராவது தூக்கிவிட வேண்டும்.

"வழவழன்னு கீது, வழுக்கி வுட்டுடும்" என்பாள். அது சாக்கு என்று எனக்குத் தெரியும். மெத்தென்ற இருக்கையெல்லாம் அடுத்தவர்களுக்கு என்று அவள் உடம்பே நம்பியது. எனக்கு அதுதான் ஆத்திரம்.

சரி, அவளுக்குத் தெரிந்த உலகத்தையே சோபாவுக்குக் கொண்டுவந்துவிட்டால்? பழைய காலத்துக் கிராமத்து ஓவியங்களை அச்சடித்த குஷன்களை ஆன்லைனில் பார்த்தேன். ஏர் உழும் காளைகள், களத்தில் நெற்குவியல், கன்றை நக்கும் பசு, பால் கறக்கும் பெண் என்று நாலு. பார்சலைப் பிரித்து அடுக்கியதும் கூடமே களைகட்டிவிட்டது. என் கணவர் வந்து ஒரு பார்வை பார்த்தார்.

"இதுக்கு ரெண்டு கட்டு வைக்கோல எறக்கிப் போட்டிருக்கலாம்" என்றார். அன்று அவருக்கு நான் காபி கொடுக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் சோபாவில் ஒரு குஷன்கூட இல்லை. நாலும் சாமி படங்களுக்குக் கீழே வரிசையாக நின்றன. காளைக்கும் பசுவுக்கும் நெற்றியில் குங்குமம் வேறு.

"இன்னாம்மா இது?"

"மாட்டு மேல முதுவ வெச்சி சாயறதாடி? நெல்ல யாரானா அண்டக் குடுத்துக் குந்துவாங்களா? கண்ணு அவிஞ்சிடும்" என்றாள், தரையில் உட்கார்ந்தபடியே.

தப்பு என்னுடையதுதான். தெரியாமல் நெல்லில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் பிறந்தவள் நான். படித்த புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. ஆனால் இதோடு விடுகிற ஜென்மமா நான்? மாடும் நெல்லும் இல்லாததாகப் பார்த்து இன்னொன்று வரவழைத்தேன். புஞ்சைக் கொல்லையில் வரிசையாகக் குனிந்து களை வெட்டும் பெண்கள். இதில் என்ன குறை சொல்கிறாள் பார்க்கலாம் என்று அவள் மடியில் வைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். சிரித்துவிட்டாள். "களை வெட்டப் போறவ எவடி இம்மாம் பூ வெச்சிக்கினு போவா? பொடவையில ஒரு பொட்டு மண்ணு இல்ல!"

பிறகு அவள் விரல் படத்தின் மூலைக்குப் போய் நின்றது. "கொட புடிச்சிக்கினு வரப்புல ஒருத்தரு நிக்கறாரே, பாத்தியா?"

நான் பார்க்கவே இல்லை. எனக்குப் பெண்கள்தான் தெரிந்தார்கள், அவளுக்கு அவர் தெரிந்தார்.

"நிலக்காரரு. இவரு வந்து நின்னா முதுவ நிமுத்த முடியாது. ஒண்ணுக்கு முட்டிக்கினு இருந்தாக்கூட ஒதுங்கப் போவ முடியாது."

அழுகை ஏதும் இல்லாமல், யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள். காசு கொடுத்து அந்த ஆளை வீட்டுக்குள் கூட்டிவந்திருக்கிறேனே என்று என்மேலேயே கோபம் வந்தது. "குடும்மா, திருப்பி அனுப்பிடறேன்" என்று குஷனைப் பிடித்து இழுத்தேன்.

அவள் விடவில்லை. "இருக்கட்டும். என்னைத் தூக்கி வுடு."

தூக்கிவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே சோபாவுக்குப் போனாள். குஷனை நட்டநடுவில் வைத்து, குடைக்காரர் தன் முதுகுக்கு நேரே வரும்படி திருப்பினாள். உட்கார்ந்து, நன்றாக அழுத்திச் சாய்ந்தாள்.

"இத்தினி வருசம் எங்கள குனிய வெச்சாரு இல்ல? கொஞ்சம் தாங்கட்டும்."

அன்றிலிருந்து அது அவள் இடம். யார் வந்தாலும், "அப்படி அந்தாண்ட குந்துங்க" என்று கையைக் காட்டுவாளே தவிர, எழுந்திருக்க மாட்டாள்.