தேங்காய் எழுந்து நின்ற இடம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் பீஸ் அடுக்கத் தொடங்கி, கட்டிங் மாஸ்டராகி, வாடகை ஷெட்டில் பழைய நிட்டிங் மிஷின் ஒன்றைப் போட்டு ஓட்டினேன். பேங்குக்காரர்கள் என்னை நிற்க வைத்தே பேசி அனுப்பினார்கள். இன்றைக்குச் சொந்த நிட்டிங், சொந்தத் தையல் யூனிட், தெற்கேயிருந்து வேலைக்கு வருகிற குடும்பங்களுக்கு லைன் வீடு, மகளுக்கு வக்கீல் மாப்பிள்ளை. எல்லாம் நான் செய்தது. இவையெல்லாம் நிற்கிற அருள்புரம் நிலமும் நான் மீட்டது. ஆனால் புதுக் கட்டடத்தின் வாசலில் வைத்த கல்லில், வழக்காடி இந்த நிலத்தை மீட்டவர் என்று மாப்பிள்ளையின் பேர் மட்டும் இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நிலத்தை எனக்கு விற்க ஒப்புக்கொண்டவர் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். முன்பணம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். கிரயத்துக்கு முன்பே தண்ணீருக்குப் போர் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடு முழுக்க நடப்பார். தண்ணீர் இருக்கிற இடத்தில் அது எழுந்து நிற்கும். அன்றும் நின்றது.

"இங்க போடு தம்பி. உன்ற ஷெட்டுக்கு ஆயுசுக்கும் தண்ணி பத்தும்" என்றார். போட்டேன். தண்ணீர் பீறிட்டு வந்தது.

அப்புறம் எக்ஸ்போர்ட்காரர்கள் காரில் வந்து அந்தப் பக்கம் இடம் தேடினார்கள். நிலத்தின் விலை ஏறியது. பெரியவரின் பேச்சு மாறியது. கிரயம் எழுதக் கூப்பிட்டால் நாள் சரியில்லை என்றார், முதுகு வலி என்றார். மாப்பிள்ளையையே வக்கீலாக வைத்து வழக்குப் போட்டேன். அது கிரய ஒப்பந்தமே இல்லை, வாங்கின கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தது என்று கோர்ட்டில் பதில் சொன்னார். நான் போட்ட போர் தண்ணீரைத் தன் தென்னைக்குப் பாய்ச்சிக்கொண்டே சொன்னார்.

அந்தத் தேங்காய் விஷயத்தைக் கேளுங்கள் என்று மாப்பிள்ளையிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

"ஜட்ஜ் சிரிப்பாருங்க மாமா. தேங்காயெல்லாம் சாட்சி ஆகாதுங்க."

"தேங்காய நம்ப வேண்டாமுங்க மாப்பிள்ளை. அந்தாளு வாய நம்புங்க."

கேட்கவில்லை. பெரியவர் கூண்டில் ஏறிய அன்று மாப்பிள்ளை ஸ்டாம்பு, சாட்சிக் கையெழுத்து என்று சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாவற்றுக்கும் "ஞாபகமில்லீங்க" என்றே பெரியவர் ஒப்பேற்றினார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் பொறுக்கமாட்டாமல் மாப்பிள்ளையின் கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

"அந்த நிலத்துல போர் போட இடம் பார்த்தது யாருங்க?"

அதற்கும் ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு மனசு வருமா?

"நாந்தானுங்க. நான் பாத்த எடத்துல தண்ணி தப்புனதே கிடையாதுங்க."

"யாருக்காகப் பாத்தீங்க?"

"இவருக்குத்தானுங்க. ஷெட் கட்டறதுக்குத் தண்ணி வேணும்னாரு."

"கடன் குடுத்தவரு உங்க நிலத்துல எதுக்குங்க ஷெட் கட்டோணும்?"

பெரியவர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஃபேனைப் பார்த்தார். நீதிபதி சிரிக்கத்தான் செய்தார், என்னைப் பார்த்தல்ல. எனக்குக் கிரயம் செய்து கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

கட்டடத் திறப்பு அன்று மேடையில் மாப்பிள்ளை, "அந்த ஒரு கேள்வியிலதானுங்க கேஸே திரும்புச்சு" என்று கைத்தட்டல் வாங்கினார். அங்கியை இழுத்த கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இறங்கி வந்தவரிடம், "கேள்வி யாருதுங்க மாப்பிள்ளை?" என்றேன்.

"விடுங்க மாமா. நம்ம குடும்பத்துக்குள்ள என்னங்க."

"குடும்பத்துக்குள்ளன்னா கல்ல ஊட்டுக்குள்ள வெச்சிருக்கலாமுங்களே. வாசல்ல எதுக்குங்க?"

கல் வெட்டுகிறவரை வரச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளையின் பேரை அழிக்க வேண்டாம். அவர் வாயால் கேட்டது உண்மை. அதற்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், அந்தக் கேள்வியைக் கொடுத்தவன் என்று என் பேர் வர வேண்டும்.