நாற்பத்து மூன்று தாவல்கள்

பள்ளிப் பேருந்து ஓட்டும் அந்த அம்மாளை ஊரில் எல்லோரும் 'தூண்டில்காரி' என்றே சொல்வார்கள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பிற்பகல் மூன்று மணி வரை ஸ்டியரிங்கைத் தொட வேண்டியதில்லை. கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து ரப்பர் பூட்ஸையும் தூண்டில் கோலையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கிவிடுவாள்.

புழு மாட்டுகிற வேலையெல்லாம் கிடையாது. கோழி இறகையும் பட்டு நூலையும் கொக்கியில் சுற்றி, ஈசல் மாதிரியே செய்து, தண்ணீர் மேல் பூப்போல இறக்குவாள். குளிர்ந்த ஓடைநீரில் வாழும் டிரவுட் மீன் ஏமாந்து கவ்வும். இரண்டு நிமிடம் மல்லுக்கட்டும். பிறகு நீருக்குள் வைத்தபடியே கொக்கியைக் கழற்றி அதை வழியனுப்பிவிடுவாள்.

"பொண்டாட்டி தினம் மீன் பிடிக்கப் போறா, புருஷன் கடையில மீன் வாங்கறான். இந்தக் கூத்து வேற எந்த வீட்டுல நடக்கும்?" என்பார், மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர்.

"நான் பிடிக்கத்தாங்க போறேன். கொல்றதுக்கு இல்ல" என்பாள் அவள்.

அந்த வருடம் மீன்பிடி சீசன் முடிய இரண்டு வாரம் இருந்தது. அவளுக்கு மிகவும் பிடித்த நாட்கள் அவை. பழுத்த இலைகள் மிதந்து வரும். எது இலை, எது பூச்சி என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீரின் குளிர் பூட்ஸைத் தாண்டிக் காலைக் கடிக்கும். முட்டையிட நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறும் மீன்களின் வயிற்றோரத்தில் செம்பு நிறம் படர்ந்திருக்கும்.

அன்று தார்ச்சாலைக்குக் கீழே நின்று வீசினாள். கால்மணி நேரத்தில் மூன்று மீன்கள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவது மீனைக் கையில் ஏந்திப் பார்த்தாள். முட்டை நிறைந்த வயிறு. மூக்கு நுனி தோலுரிந்து சிவந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஓடை சாலைக்கு அடியில் ஒரு சிமென்ட் குழாய் வழியாக வருகிறது. போன வெள்ளத்தில் கீழே மண் அரித்துப்போய், குழாயின் வாய் இடுப்பு உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது. மீன்கள் துள்ளின, சிமென்ட்டில் மோதின, விழுந்தன. வழியில்லாமல் அங்கேயே குவிந்து நின்றவற்றைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெட்கமாக இருந்தது. நூலைச் சுருட்டிவிட்டுப் பாறையில் உட்கார்ந்து எண்ணினாள். ஒரு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று தாவல்கள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

மறுநாள் சாலைத்துறை அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா அவள் எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "மீனுக்கெல்லாம் இங்க மனு வாங்கறதில்லம்மா."

"மீன் வந்து கையெழுத்துப் போட முடியாது சார். அதான் நான் வந்திருக்கேன்."

மூன்று நாள் விடாமல் போனாள். நான்காம் நாள், இவள் தொல்லை தாங்காமல் இன்ஜினியரே கிளம்பி வந்தார். பளபளவென்ற ஷூவோடு கரையில் நின்றவரிடம் தன் கணவரின் பூட்ஸை நீட்டினாள்.

"அங்கிருந்து பாத்தா தெரியாது சார். இறங்கி வாங்க."

அவர் அரைமனதாக இறங்கினார். குழாயருகே போன நேரம் ஒரு பெரிய மீன் எழும்பி, சிமென்ட் விளிம்பில் தலை மோதி, அவர் முழங்காலருகே விழுந்தது. அவர் குனிந்து, தண்ணீருக்கும் குழாயின் வாய்க்கும் உள்ள இடைவெளியைக் கையால் அளந்து பார்த்தார்.

"குழாயை மாத்தணும்னா மேலிடத்து அனுமதி வேணும். வருஷக்கணக்காகும்" என்றார் கடைசியில். "ஆனா கீழ கல்லு அடுக்கித் தண்ணி மட்டத்தை உயர்த்தலாம். மண்ணரிப்பைத் தடுக்கிற வேலைன்னு நானே எழுதிடறேன். கல்லு அனுப்பறேன், ஆளு இல்ல."

"ஆளு நான் பாத்துக்கறேன் சார்."

சொல்லிவிட்டாளே தவிர, ஆள் சுலபத்தில் கிடைக்கவில்லை. தூண்டில் போடுகிறவர்களிடம் அவள் கேட்டது இரண்டு: குழாய்க்குக் கீழே மீன்கள் குவிந்து நிற்கும் அந்த மடுவில் யாரும் வீசக்கூடாது, கல் தூக்க வரவேண்டும். முடிதிருத்தும் கடைக்காரர் கத்தரிக்கோலும் கையுமாகக் கொதித்தார்.

"வருஷத்துல நல்ல மீன் மாட்டறதே இந்த ரெண்டு வாரந்தான். அதுலயும் மண்ணைப் போடறீங்களேக்கா!"

"மாட்டுதுன்னு சொல்லாதீங்க தம்பி. போக வழியில்லாம நிக்குது. அதைப் பிடிக்கிறதுல என்ன கெட்டிக்காரத்தனம்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு முடி வெட்டத் தொடங்கிவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தான், இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு. எங்கே பெரிய கல், எங்கே சிறிய கல் என்று இன்ஜினியர் கரையிலிருந்து கை காட்டினார். கணவர் கட்டுத்துணியும் களிம்புமாக உட்கார்ந்து, நசுங்கிய விரல்களுக்கு வைத்தியம் பார்த்தார். இரண்டு ஞாயிறு முதுகொடிந்தது. மடு முழங்கால் உயரம் ஏறியது.

சீசனின் கடைசி நாள் காலையில் அவள் தனியாக வந்து நின்றாள். ஒரு மீன் துள்ளி விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. மூன்றாவது எழும்பியது, குழாயின் இருட்டுக்குள் போனது, திரும்பி வரவில்லை. பூட்ஸ் சளசளக்கச் சாலையைக் கடந்து ஓடி மறுபக்கம் எட்டிப் பார்த்தாள். வெறும் தண்ணீர். குனிந்தபடியே காத்திருந்தாள். கடைசியில் கூழாங்கற்களின் மேல் ஒரு செம்பு நிற முதுகு அசைந்து, நிதானமாக மேல்நோக்கிப் போனது.

"போ தாயி, போ!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள்.

பிறகு வெகுதூரம் கீழே நடந்துபோய், பரந்த நீரில் ஆசை தீர வீசினாள். ஒன்றும் கவ்வவில்லை. அன்று பிற்பகல் ஈரக் காலுறையோடு கிளச்சை மிதித்தவள், வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்ததாகப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.