வண்டியின் வால்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவரைக் கம்பெனியில் எல்லாரும் 'ரெண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே சட்டென்று திரும்பமாட்டார். சட்டைப்பையில் இரண்டு பேனா, பைக்குள் இரண்டு டார்ச், வீட்டுக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். குடை எடுத்தால், அது மடங்கிப்போனால் என்ன செய்வது என்று இன்னொரு குடை.

பயந்த சுபாவம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் லிஃப்ட் ஒரே கயிற்றில் தொங்குவதில்லை. பல கயிறுகள், ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். எல்லாமே போனாலும் கூண்டைக் கவ்விப் பிடிக்க அடியில் ஒரு தாடை இருக்கிறது. அந்தக் கூண்டின் தலைமேல் ஏறி நின்று வேலை பார்க்கிற மனிதர் ஒற்றைக் கயிற்றை நம்பாததில் வியப்பில்லை.

வியப்பு அவர் மனைவி விஷயத்தில்தான். தையல்கூடத்தில் துணி வெட்டுகிறவர் அவர். பிறந்ததிலிருந்து லிஃப்டில் கால் வைத்ததில்லை. கதவு மூடியதும் மூச்சு நின்றுவிடும் என்பார். "ஊரையெல்லாம் மேல ஏத்துறாரு, பெண்டாட்டிய ஏத்த முடியல" என்று கம்பெனியில் கிண்டல் செய்வார்கள். ரெண்டு சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் அது அவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

ஒருமுறை மழையில் நனைந்து அவருடைய பைக்கின் சீட்டுப் பூட்டு இறுகிவிட்டது. பக்கவாட்டில் சாவியைத் திருப்பினால் உள்ளே ஒரு மெல்லிய கம்பி இழுபட்டுக் கொக்கி விலக வேண்டும். விலகவில்லை. ஸ்பானர் எல்லாம் சீட்டுக்கு அடியில். ஸ்பானர் இருந்தால்தான் சீட்டைக் கழற்றலாம். எப்படியோ அடுத்த வீட்டில் இரவல் வாங்கி, மட்கார்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கழற்றினார். எழுந்ததும் முடிவுசெய்துவிட்டார்: இதற்கும் இரண்டாவது வழி வேண்டும்.

பழைய சைக்கிளின் பிரேக் கம்பியை உருவி, நைலான் குழாய்க்குள் நுழைத்து, ஒரு முனையைக் கொக்கியின் காதில் கட்டினார். மறுமுனையில் ஒரு சாவி வளையம். அழகாகச் சுருட்டி வைத்து, சீட்டை 'டக்' என்று அழுத்தி மூடிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"எங்க, இழுத்துக் காட்டுங்க."

ரெண்டு குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். வளையத்தைச் சுருட்டி வைத்தது சீட்டுக்கு அடியில்.

"அதாவது, அவசரம்னா முதல்ல சீட்டைத் திறப்பீங்க. அப்புறம் இதை இழுத்து சீட்டைத் திறப்பீங்க. அப்படித்தானே?"

அந்தச் சிரிப்பு அந்த வீட்டில் வெகுகாலம் ஓடியது.

மறுபடி கழற்றி, வளையத்தை வெளியே கொண்டுவந்தார். இப்போது அது பின்சக்கரத்துக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. "எலிவால் மாதிரி இருக்கு. இதோட நான் வண்டியில ஏறமாட்டேன். வெட்டிப்போடுங்க" என்றார் மனைவி. ரெண்டு கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"வெட்டிட்டீங்களா?"

"இனிமே கண்ணுக்குத் தெரியாது."

பதிலில் இருந்த இடைவெளியை மனைவி கவனிக்கவில்லை.

பிறகு தையல்கூடம் ஓர் உயரமான கட்டடத்தின் மேல்மாடிக்கு மாறியது. வெட்டு மேசைக்கு மனைவிதான் பொறுப்பு என்றார்கள். ஜன்னலோரம் ஆள் படுத்துப் புரளலாம் போல நீளமான மேசை. வருடக்கணக்காக அவர் ஆசைப்பட்ட இடம். ஆனால் முழங்கால் படிகளை ஏற்கவில்லை. சில நாளிலேயே வீங்கிவிட்டது. லிஃப்டில் ஏற வேண்டும், இல்லையென்றால் மேசையை விட வேண்டும். நடுவில் வேறு வழியில்லை.

"நானும் கூட வரேன்" என்றார் ரெண்டு. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பதும் அவர்தான்.

"வேணாம். நீங்க வந்தா உங்களை நம்பித்தான் ஏறுவேன். நாளைக்கு யாரை நம்பி ஏறுறது?"

இதைவிடத் தெளிவாக நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது கடினம்.

அன்று காலை மனைவி தனியாக லிஃப்டுக்குள் போனார். கதவு மூடியது. ரெண்டு கீழே நின்று எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றில் எண் நின்றது. கதவு திறக்கிற சத்தமே வரவில்லை.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மூன்று மாடியும் ஓடி ஏறினார். கூண்டு தளத்துக்குச் சரியாகவே நின்றிருந்தது, கதவுதான் விடவில்லை.

"நான்தாம்மா."

"தெரியுது. மூச்சு வாங்குற சத்தம் கேக்குது." மனைவி உள்ளிருந்து கதவைத் தட்டினார். "சீக்கிரம் திறங்க. இன்னிக்கு இது திறக்க நேரமாச்சுன்னா நான் மறுபடி இதுல ஏறவே மாட்டேன். மேசையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

வெளிக்கதவைத் திறக்க ஒரு முக்கோணச் சாவி உண்டு. ஒன்று அவரிடம், ஒன்று காவலாளியிடம். ரெண்டு படியில் குனிந்து கத்தினார்: "சாவியை எடுத்துட்டு வாப்பா!"

"அண்ணே, தேஞ்சுபோச்சு, மாத்தித் தரேன்னு நீங்கதானே வாங்கிட்டுப் போனீங்க!"

உண்மைதான். மாற்றி வாங்கிய சாவியும் அவருடைய சாவியும் ஒரே சீட்டுக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவரை மேதை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒரே இடத்தில் வைத்த இரண்டு, ஒன்றுதான். இரண்டு இரண்டாக வாழ்ந்த மனிதருக்கு அது அன்றுதான் உறைத்தது.

"சாவி வண்டியில இருக்கு. போயிட்டு ஓடிவரேன்."

"ஓடுங்க!"

பைக்கில் சாவியைப் போட்டுத் திருப்பினார். எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுற்றியது. உள்ளே கம்பி அறுந்துவிட்டது. பின்னாலேயே வந்த காவலாளி, "சீட்டைக் கிழிச்சிடலாமா அண்ணே? கத்தி எடுத்துட்டு வரட்டா?" என்றார்.

ரெண்டு வண்டிக்குப் பின்னால் மண்டியிட்டார். நம்பர் பிளேட்டுக்குப் பின்னே சேறு படிந்த இடுக்கில் இரண்டு விரலை விட்டுத் துழாவினார். அன்று வாலை அவர் குட்டையாக நறுக்கி அங்கே ஒளித்திருந்தார். வளையம் விரலில் மாட்டியது. இழுத்தார்.

டக்.

சீட்டு தானாக ஓர் அங்குலம் எழும்பியது. "அட!" என்றார் காவலாளி.

கதவு திறந்தபோது மனைவி முகமெல்லாம் வியர்வையாக, சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். கீழேயிருந்து காவலாளியின் குரல் வந்தது: "அண்ணே, சீட்டு திறந்தே கிடக்கு, மூடிடவா?"

"மூடாதே! பூட்டு அறுந்துபோச்சு!"

மனைவி நிமிர்ந்தார். "பூட்டு அறுந்துபோச்சா? அப்புறம் எப்படித் திறந்தீங்க?"

ரெண்டு சேறு படிந்த விரல்களைக் காட்டினார்.

"வாலை வெட்டிட்டேன்னு சொன்னீங்களே!"

"கண்ணுக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன்."

மனைவி லிஃப்டைப் பார்த்துக் கேட்டார்: "இதுக்கு வால் இருக்கா?"

இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. அன்று மதியம், தேய்ந்திருந்த கதவுத் தகட்டை மாற்றிவிட்டு, மனைவியை மெல்லப் படியேற்றி மேலே மோட்டார் அறைக்குக் கூட்டிப்போனார். சக்கரத்தின் மேல் வரிசையாகக் கிடந்த கயிறுகளைக் காட்டினார். பிரேக்கை, கவ்வும் தாடை எப்படி வேலை செய்யும் என்பதை, ஒவ்வொன்றாகச் சொன்னார். மனைவி ஒரு சட்டையின் தோள் தையலைச் சோதிக்கிற கண்ணால் எல்லாவற்றையும் பார்த்தார்.

"ரெட்டைத் தையல்" என்றார்.

"அதுக்கும் மேல."

"இதை முன்னாடியே காட்டியிருக்கலாம்ல? 'ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது'ன்னே சொல்லிட்டிருந்தீங்க. ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்வீங்கன்னு சொல்லவேயில்ல."

மறுநாள் காலை மனைவி தனியாக லிஃப்டில் ஏறினார். கதவு மூடியதும் ரெண்டு படியில் தாவினார். மேல்மாடிக்கு வந்து சேர்ந்தபோது, மனைவி தையல்கூட வாசலில் கத்தரிக்கோலோடு நின்றிருந்தார்.

"என்ன ரெண்டு, படியிலயா வந்தீங்க?"

அவர் மனைவி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ரெண்டு மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

சாவிகளில் ஒன்று இப்போது காவலாளி அறையில் ஆணியில் தொங்குகிறது. வண்டிக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கேன்வாஸ் பட்டை, யாரும் பார்க்கும்படி, கம்பியின் முனையில் கோத்து ரெட்டைத் தையல் போட்டுத் தைக்கப்பட்டிருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது யாராவது, "அண்ணே, பின்னால ஏதோ தொங்குது" என்பார்கள்.

"தெரியும்" என்பார் ரெண்டு. "வீட்டுல தச்சுக் குடுத்தது."