அவருக்கொரு பெயர் அட்டை

சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில், என் கணவர் என் கண்ணெதிரே கண்ணமங்கலம் பேருந்தில் ஏறிப் போனார். ஆரணி பேருந்து நிலைய வாசலில் பூ வாங்குவதற்காக அவர் கையை விட்டேன். திரும்பிப் பார்க்கும்போது அவர் படியில் நின்றிருந்தார். "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். அங்கிருந்த ஆண்களில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. பேருந்து புறப்பட்டுவிட்டது.

பூக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "பேரச் சொல்லிக் கூப்புடு ஆயா! ஏங்கன்னா எவன் திரும்புவான்?"

மணமான நாள் முதல் அந்தப் பெயரை நான் சொன்னதில்லை, எழுதியதுமில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவர் சொல்வார். விண்ணப்பம் என்றால் மகள் நிரப்புவாள். எங்கள் நெசவுக் குடும்பங்களில் என் வயதுப் பெண்கள் பலர் அப்படித்தான் வாழ்ந்தோம். அன்று, கண்ணமங்கலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் அவரை அடையாளம் கண்டு, வண்டியில் அழைத்துவந்து விட்டார். இல்லையென்றால் என்னவாகியிருக்கும் என்று நினைக்க இன்றும் துணிவில்லை. யார் கேட்டும் அவருக்குத் தம் பெயரைச் சொல்லத் தெரியவில்லையாம். மறதி அவரிடம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

கழுத்தில் ஓர் அட்டை அவசியம் என்று மருத்துவர் சொன்னார். மருத்துவமனையில் கொடுத்த வெள்ளை அட்டையை அவர் ஒரு மணி நேரம்கூட வைத்துக்கொள்ளவில்லை. "சந்தைக்கு ஓட்டிகினு போற மாட்டுக்குத்தாங்க இப்படிக் கட்டுவாங்க" என்று அறுத்தெறிந்தார். அதில் எனக்கு வியப்பில்லை. சேலையின் எந்த உடலுக்கு எந்தக் கரை பொருந்தும் என்று நெசவாளர்களுக்கு நிறம் சொல்வதே அவருடைய தொழிலாக இருந்தது. அழகில்லாத ஒன்றை அவர் உடம்பு ஏற்காது. அழகாக ஒன்று செய்து தருவதென்று தீர்மானித்தேன்.

அந்த வேலை எனக்குப் புதிதன்று. எங்கள் பாசுரக் குழுவுக்கு அன்றாடம் காலையில் ஒரு பாசுரத்தைத் தாமரையும் துளசியும் சூழப் படமாக்கி அனுப்புகிறவள் நான். மகள் விட்டுச்சென்ற மடிக்கணினியில், படம் திருத்தும் மென்பொருளை மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன். பின்னணி ஓர் அடுக்கு, கரை ஓர் அடுக்கு, எழுத்து ஓர் அடுக்கு. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று கலையாது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் ஒரு சேலைக் கரையைப் படமெடுத்து நான்கு பக்கமும் பொருத்தினேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார்.

"ஏங்கம்மா, இந்தக் கரைக்கா இந்த நீலம்? கண்ணு கூசுது. அரக்கு வைங்க."

அரக்கு வைத்தேன்.

"ம்ம். இப்பத்தான் உக்காந்துகினு இருக்குது."

தம் பெயரையும் என்னையும் மறந்தவருக்கு நிறம் மறக்கவில்லை. முன்பெல்லாம் என்னை "இன்னாமே" என்றுதான் அழைப்பார். பிறர் எதிரில் அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று எத்தனையோ முறை சண்டையிட்டிருக்கிறேன். இப்போது எனக்கு "ங்க" போட்டுப் பேசுகிறார். நான் ஏதோ கணினிக் கடையில் வேலை பார்க்கும் பெண் என்று அவருக்கு எண்ணம். இவ்வளவு மரியாதையை நான் கேட்கவில்லை.

அவர் சிரித்தபடி இருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மகளின் திருமணத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து நின்றது. அவரை மட்டும் வெட்டியெடுக்க, பக்கத்தில் நின்ற என்னை அழிப்பானால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தேன். முகம் போயிற்று, கை போயிற்று. அவர் தோளை உரசிய என் சேலையின் பச்சையை மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு விட்டுவைத்தேன்.

அவர் திரையருகே குனிந்தார். "தோள்கிட்ட இன்னாங்க பச்சை? அரக்கோட சேராது. எடுத்துடுங்க."

அவர் சொன்னது சரிதான். எடுத்துவிட்டேன்.

முகவரி, மகளின் கைப்பேசி எண், ஓரங்களில் சிறு மாங்காய் வடிவங்கள் எல்லாம் சேர்த்து மகளுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"அம்மா, செமையா இருக்குது. ஆனா பேரு எங்கம்மா?"

நடுவில் விட்டிருந்த வெற்றிடத்தைப் பார்த்தேன்.

"கல்யாணப் பத்திரிகையே தோத்துடும்போல டிசைன், அதுல மாப்பிள்ளை பேரக் காணோம்! சரி வுடு, நான் டைப் பண்ணி அனுப்பறன்."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பேருந்து நிலையம் நினைவுக்கு வந்தது. பெங்களூரிலிருந்து மகள் எழுதித் தரலாம். அடுத்த முறை அவர் படியேறும்போது யார் கூவுவது? "வேணாம்மா, நானே போடறன்" என்றேன்.

பாசுரங்களில் தலைவியாகி உருகுபவர்கள் திருநாமத்தைச் சொல்லக் கூசுவதில்லை. ஊரார் பழித்தால் பழிக்கட்டும் என்று உரக்கச் சொல்கிறார்கள். அவற்றை இளமை முதல் ஓதிவந்த நான், பெருமாளின் திருநாமங்களை வாய் நிறையச் சொன்ன நான், இவர் பெயருக்கு மட்டும் வாயை மூடியிருந்தேன். வராதவனை நினைந்து மெலியும் அந்த ஏக்கம் இறைவன் ஒருவனுக்கே உரியது என்று எண்ணியிருந்தேன். எதிரில் அமர்ந்து காப்பி குடிப்பவருக்காகவும் அப்படி மெலிய நேரும் என்று அப்போது தெரியாது.

எழுத்துக்கான அடுக்கைத் திறந்து முதலெழுத்தைத் தட்டினேன். அடுத்த எழுத்து இருமுறை விழுந்தது. அழித்து மீண்டும் தட்டினேன். பெயர் முழுதாக நின்றதும், பாசுரப் படங்களில் பெருமாளின் திருநாமத்துக்கு மட்டுமே வைக்கும் பொன்னிறத்தை அதற்கு வைத்தேன். அபசாரமாகத் தோன்றவில்லை.

மறுநாள் ஸ்டுடியோவில் அச்சிட்டுக் கண்ணாடித்தாள் ஒட்டி வாங்கிவந்தேன். அரக்கு நிறப் பட்டுக்கயிறு கோத்து அவர் கையில் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கரை நல்லா வந்துக்கீது. நடுவுல இன்னாங்க எழுதிக்கீது? என் கண்ணாடி எங்கியோ போயிடுச்சி."

கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருந்தது. இறக்கிவிட்டிருக்கலாம். நான் இறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, தலைப்பெழுத்தோடு அந்தப் பெயரைச் சொன்னேன். என் குரலில் அதைக் கேட்பது எனக்கே அந்நியமாக இருந்தது. மறுபடியும் சொன்னேன், இம்முறை உரக்க.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"எடுப்பான பேரு" என்றார். "யாருதுங்க?"

"எங்க வீட்டுக்காரருதுங்க."

"அப்படியா. எங்க போயிருக்காரு?"

"வெளியூருங்க. வந்துடுவாரு."

அட்டையின் கரையை விரலால் தடவிக்கொண்டே யோசித்தார். "நல்ல வேலைப்பாடுங்க. சும்மா போட்டு வச்சா கசங்கிப்பூடும். அவரு வர்ற வரைக்கும் நான் போட்டுகினு இருக்கட்டுமா?"

"போட்டுக்குங்க."

தலையைக் குனிந்து கொடுத்தார். கயிற்றை மாட்டி, அட்டை நெஞ்சில் நேராக நிற்கும்படி சரிசெய்தேன்.

"அவரு வந்தா மறக்காம சொல்லுங்க" என்றார். "கழட்டிக் குடுத்துடறேன்."

"சொல்றேங்க" என்றேன்.